பஜ்ஜி எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் மீட்டர்... 25-ஐத் தாண்டினால் கொட்டிவிட வேண்டியதுதான்!

மாலை நேர டீக்கடை. வாணலியில் வாழைக்காய் பஜ்ஜி மிதக்கிறது. 'எண்ணெய் கறுப்பா இருக்கு, வேணாம்' என்று குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். தெளிவாக இருந்தால் நம்பி வாங்குவோம். இரண்டுமே தப்புக்கணக்காகலாம். மாவுத்தூளும் மசாலாவும் கருகினாலே எண்ணெய் கறுத்துவிடும். நிறம் மாறாமலேயே கெட்டுப்போன எண்ணெயும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தை அளப்பதுதான் டி.பி.சி மீட்டர். பார்க்க நீளக் காம்புள்ள தெர்மாமீட்டர் போல இருக்கும். நுனியில் சென்சார். பலகாரத்தை எடுத்துவிட்டு, குமிழ் அடங்கியதும், வாணலியின் உலோகத்தில் படாமல் சூடான எண்ணெயில் நுனியை விட வேண்டும். சற்று நேரத்தில் திரையில் சதவிகிதம் வந்துவிடும்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது, சூட்டிலும் காற்றிலும் பலகாரத்தின் ஈரத்திலும் அது சிதைந்து 'போலார் காம்பவுண்ட்ஸ்' என்ற சேர்மங்கள் உருவாகின்றன. இவை கூடக் கூட எண்ணெயின் மின்பண்பு மாறும். அந்த மாற்றத்தைத்தான் சென்சார் பிடிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் இதற்கு 25 சதவிகிதம் என வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. உயர் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் தடிப்பு, கல்லீரல் பாதிப்பு என ஆணையம் சொல்லும் காரணங்கள் சாதாரணமானவை அல்ல.

ஆனால், மீட்டரையும் ஏமாற்றலாம். பழைய எண்ணெயில் புதுசைக் கலந்தால் எண் இறங்கிவிடும்! பெரிய கடைகள் கழிக்கும் எண்ணெய், மலிவு விலையில் சின்னக் கடைகளின் வாணலிக்குப் போய்ச் சேரும் ஆபத்தும் இருக்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்கத்தான், கழிவு எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் 'ரூகோ' திட்டத்தை 2018-ல் ஆணையம் கொண்டுவந்தது. சோதனையைவிட இதுதான் உருப்படியான வழி. கழிவு எண்ணெய்க்குக் காசு கிடைத்தால் கடைக்காரர் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழப்போகிறார்?

வீட்டுக்கு மீட்டர் வாங்குவது கட்டுப்படியாகாது. பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்க, குழம்புக்கு என்று தீர்த்துவிடுங்கள். நீலச்சாம்பல் நிறப் புகையோ, அடங்காத நுரையோ வந்தால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், அப்புறம் பிளம்பர் செலவு தனி!