வெயிலில் தெளியும் திரை

உச்சி வெயிலில் ஒரு கால்குலேட்டரையும் கைப்பேசியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீட்டிற்குள் பளபளத்த கைப்பேசித் திரை மங்கி, உங்கள் முகத்தையே கண்ணாடிபோல் காட்டும். மலிவான கால்குலேட்டரிலோ எண்கள் கருகருவென்று தெரியும். இதற்குக் காரணம் யாது?

நம் கண் எழுத்தைப் படிப்பது வெளிச்சத்தின் அளவால் அன்று; வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதத்தால். கைப்பேசித் திரையின் வெள்ளைப் புள்ளி 500 பங்கு ஒளியும், கறுப்புப் புள்ளி 1 பங்கு ஒளியும் தருவதாகக் கொள்வோம். விகிதம் 500. வெளியே வந்ததும் மேற்பரப்புக் கண்ணாடி, வானத்து ஒளியில் 500 பங்கை இரு புள்ளிகளின் மீதும் சேர்த்துவிடுகிறது என்க. இப்போது 1000-க்கு 501. விகிதம் வெறும் இரண்டே! வெண்மை குறையவில்லை, கருமைதான் கெட்டது.

கால்குலேட்டர் திரையில் விளக்கே இல்லை. இரு போலராய்டு தகடுகளுக்கிடையே திரவப் படிகம். அடியில் ஓர் எதிரொளிக்கும் படலம். மின்னழுத்தம் இல்லாத இடத்தில் வெயில் உள்ளே சென்று திரும்பி வருகிறது. மின்னழுத்தம் உள்ள இடத்தில் உட்கவரப்படுகிறது. வெயில் கூடினால் இரண்டும் ஒருசேரக் கூடும்; விகிதம் மாறாது.

மலையேறுவோரும் மீனவரும் கையில் கொண்டுசெல்லும் ஜி.பி.எஸ். கருவிகள் இம்முறையையே நம்பின. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த கார்மின் நிறுவனத்தின் ஈடிரெக்ஸ் கருவிக்குச் சாம்பல் நிறத் திரைதான். இரண்டு சிறு பேட்டரிகளே போதும்.

பிறகு வண்ணம் வந்தது, தொல்லையும் வந்தது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியையே விடும். ஆகவே வெயிலை மட்டும் நம்பினால் படம் இருண்டுவிடும். இதற்காக அமைத்ததே 'டிரான்ஸ்பிளெக்டிவ்' திரை. இதில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பகுதி ஆடி, மறுபகுதி சன்னல். பகலில் ஆடி வெயிலைத் திருப்பும்; இரவில் பின்விளக்கு சன்னல் வழியே ஒளி தரும். இரண்டும் அரைகுறைதான். எனவே கடையின் குழல்விளக்கில் இத்திரை அழுதுவடியும். அங்கே பார்த்து ஒதுக்குவது நியாயமன்று. தெருவுக்கு எடுத்துவந்து பார்க்க வேண்டும்.

புள்ளிகளை நெருக்கினால் டிரான்சிஸ்டரும் கம்பிகளும் ஒளியை மறைக்கும். 2.6 அங்குலத் திரையில் 160 × 240 புள்ளிகளே கொண்ட கருவிகள் இருப்பது கஞ்சத்தனம் மட்டுமன்று. தொடுதிரையிலோ மேலும் ஒரு படலம். வெயில் அதை உள்ளே போகையிலும் திரும்புகையிலும், ஆக இருமுறை கடக்க வேண்டும். நனைந்த விரலுக்குப் பொத்தானே மேல் என்பது என் எண்ணம்.

பாக் விரிகுடாவில் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்கோடு நீரின்மேல் வரையப்பட்டதன்று. படகிலிருப்பவருக்கு அது திரையில்தான் தெரியும். நண்பகலில் அத்திரை மங்கினால் என்னாகும்? பின்விளக்கைக் கூட்டலாம், பேட்டரி விரைவில் தீரும். 2023-இல் வெளியான ஈடிரெக்ஸ் எஸ்.இ. கருவி மீண்டும் வண்ணமற்ற திரைக்கே திரும்பியது. இரு பேட்டரிகளில் 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம்.

போலராய்டு குளிர்கண்ணாடி கிடைத்தால் அதன் வழியே கால்குலேட்டரைப் பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். அங்கிருந்து இன்னும் கால் சுற்றுச் சுற்றினால் எண்கள் மீண்டும் தோன்றும்.