கூடாரத்து நித்திரையும் வீட்டு விளக்கும்

மலைச்சாரலிலோ கானகத்திலோ சில தினங்கள் தங்கி வருகிறவர்கள், அங்கே படுத்தவுடன் கண் அயர்ந்ததையும், யாரும் எழுப்பாமலே வைகறையில் விழித்துக்கொண்டதையும் வியந்து பேசி, அதற்குக் காற்றின் தூய்மையையும் நடந்த களைப்பையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆயினும் பெரும் பங்கு வெளிச்சத்துக்கே உரியது.

கொலராடோவில் ஒரு வாரம்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து விஞ்ஞானி கென்னத் ரைட்டும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 பேரை முதலில் அவரவர் வழக்கமான வாழ்க்கையில் கவனித்து, பிறகு ராக்கி மலைத்தொடரில் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கச் செய்தார்கள். கைவிளக்கு கூடாது, கைபேசி கூடாது. பகலில் சூரியன், இரவில் விறகு மூட்டிய நெருப்பு, இவ்வளவே அனுமதிக்கப்பட்ட பிரகாசம். நித்திரைக்கு முன்னறிவிப்பாக உடலில் ஊறும் மெலடோனின் என்னும் சுரப்பு, அந்த ஒரு வாரத்திலேயே ஏறக்குறைய 2 மணி நேரம் முன்னதாகத் தோன்றலாயிற்று. அதனினும் கவனிக்கத்தக்கது, ஊரில் எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னும் அடங்காமல் காலை மந்தத்துக்கு இடந்தந்த அச்சுரப்பு, மலையில் அவர்கள் விழிக்குமுன்பே அடங்கிவிட்டது.

பகலில் இருள், இரவில் ஒளி

நம் விழித்திரையில், உருவங்களைக் காணும் உயிரணுக்களேயன்றி, வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவித்து, மெலடோனின் ஊறும் வேளையை ஆளும் உடலின் நாட்கடிகாரத்தைத் திருத்தும் உயிரணுக்களும் உள்ளன. ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், உச்சி வெயிலில் 1,00,000 வரை உண்டு. மின்விளக்கு எரியும் அறையிலோ சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆகவே, நாளெல்லாம் கூரையின் கீழ் இருந்து, இரவில் டியூப்லைட்டின் அடியில் கைபேசியோடு விழித்திருப்பவருடைய தேகம், பகல் எது, இரவு எது என்று துணிய மாட்டாமல் தடுமாறுகிறது.

வீடு திரும்பிய பின்

ரைட்டின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், வார இறுதியில் மட்டும் கூடாரத்தில் தங்கியவர்களுக்கும் நாட்கடிகாரம் முந்திய வேளைக்கு நகர்ந்ததைக் கண்டார்கள். ஆனால் பழைய விளக்குகளுக்கே திரும்பினால் அது மீண்டும் பின்வாங்கும். எனவே உல்லாசப் பயணத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரத் தக்கது அந்த ஒளிப் பழக்கமே. விழித்த ஒரு மணி நேரத்துக்குள் காப்பித் தம்ளரோடு மொட்டைமாடிக்கோ தெருவுக்கோ சென்று, சூரியனை நேரே உற்றுநோக்காமல், அரைமணி உலாவுதல்; இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய விளக்கை அணைத்து, மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுதல்; கைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதிருத்தல். பல வாரங்களாகத் தூக்கமின்மையால் வருந்துவோர் வைத்தியரிடம் காட்டிக்கொள்வதே முறை.

எனக்கு மிகவும் கவலையளிப்பது, இந்தக் காலை ஒளி கிட்டாதபடி விடியுமுன் அடுக்களைக்குள் நுழைந்து வெயில் ஏறிய பிறகே வெளியே வரும் பெண்களின் நிலை. கீரை ஆய்வதையும் காய் நறுக்குவதையுமாவது அவர்கள் முற்றத்திலோ மாடியிலோ அமர்ந்து செய்யும்படி, காலை வேலைகளில் ஒரு பகுதியை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.