இடிதாங்கிப் பெண்கள்

நியூயார்க் நகரில் தனியாக கிளினிக் நடத்தும் 320 உளவியல் சிகிச்சையாளர்களுக்கு போனில் குரல் பதிவுகள் வந்து சேர்ந்தன. மனசு சரியில்லை, பதற்றமாக இருக்கிறது, வார நாளில் மாலை நேரம் கிடைக்குமா என்பதுதான் செய்தி. செய்தி விட்டவர் எல்லாரிடமும் ஒரே இன்ஷூரன்ஸ். மாறியது பேசியவரின் பெயரும் பேச்சு நடையும் மட்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் குகல்மாஸ் நடத்திய சோதனை இது. எழுதிக் கொடுத்ததை ஆட்கள் வாசித்தார்களே தவிர, பேசியவர் யாரும் நோயாளி அல்ல. 2016-ல் முடிவு வெளியானது. நடுத்தர வர்க்கத்து வெள்ளையர் என்று தோன்றியவர்களில் 28 சதவீதம் பேருக்கு நேரம் தரப்பட்டது. அதே வர்க்கத்துக் கறுப்பினத்தவர் என்று தோன்றியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான். கூலி வேலை செய்பவரின் பேச்சு என்றால் வெள்ளை, கறுப்பு வித்தியாசமே இல்லை, 8 சதவீதம்தான்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் மனநலம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், ‘அவர்கள் கவுன்சலிங்குக்கு வருவதில்லை’ என்று தொடங்குவார்கள். வந்தால் என்ன பதில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சரி, நேரம் கிடைத்து உள்ளே போய் உட்கார்ந்தாகிவிட்டது. எதிரே இருப்பவர் பெரும்பாலும் வெள்ளையர்தான். அந்த நாட்டு உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். “மீட்டிங்கில் எல்லாரையும் போல நானும் ஒரு மாற்றுக் கருத்து சொன்னேன். ‘ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்’ என்று மேனேஜர் கேட்டார்” என்று வந்தவர் ஆரம்பிப்பதாக வைத்துக்கொள்வோம். “அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டாரே?” என்று சிகிச்சையாளர் கேட்டால் தீர்ந்தது கதை. கறுப்பினப் பெண் என்றாலே கோபக்காரி என்ற முத்திரை அந்த நாட்டில் எவ்வளவு பழையது என்று விளக்க வேண்டும். இன்டர்வியூவுக்கு முடியை நேராக்கிக்கொண்டு போனது ஏன் என்று விளக்க வேண்டும். (சுருள்முடியையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிஃபோர்னியா, அதுவும் 2019-ல்தான்.) விளக்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். காசையும் கொடுத்து, பாடமும் நடத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பண்பாடு அறிந்த ஆலோசனை என்பதைப் பலர் ஏதோ அலங்காரச் சேர்க்கை போல நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாடம் நடத்தும் இந்த வேலையை நோயாளியின் தலையிலிருந்து இறக்குவதுதான் அதன் முதல் கடமை.

தலையில் ஏற்கெனவே இருக்கும் சுமை கொஞ்சமல்ல. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே கறுப்பினப் பெண்களைக் குழு குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டார். 2010-ல் வெளியான அவருடைய கட்டுரை அவர்கள் பேச்சில் தெரிந்த மனநிலைக்கு ‘சூப்பர்வுமன்’ என்று பெயர் வைத்தது. எப்போதும் திடமாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் எதுவும் இல்லாவிட்டாலும் ஜெயித்துக் காட்ட வேண்டும், தனக்கு முன்னால் மற்றவருக்கு ஓட வேண்டும். கட்டடத்தைக் காக்கும் இடிதாங்கியிடம் போய் உனக்கு வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை, அப்படித்தான் இவர்கள் நிலையும். ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தத் திடம் தங்களையும் குடும்பத்தையும் சமூகத்தையும் காப்பாற்றியிருக்கிறது என்றும் அதே பெண்கள் சொன்னார்கள். அடிமை முறையையும் அதற்குப் பின் வந்த ஒதுக்கலையும் தாண்டி வந்த தலைமுறைகளின் சொத்து அது. ‘பலசாலி வேஷத்தைக் கழற்றி வையுங்கள்’ என்று எடுத்த எடுப்பில் உபதேசிக்கும் ஆலோசகருக்கு இது புரியவில்லை என்று அர்த்தம். எந்த இடத்தில் அது தேவை, எந்த இடத்தில் அது உடம்பைத் தின்கிறது என்று கூட உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பவர்தான் தேறியவர்.

உடம்பைத் தின்பது கேள்வித்தாளில் தெரியாமலும் போகலாம். ‘சோகமாக உணர்கிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். தூக்கம் வராது, அசதி தீராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், தன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பார். கறுப்பினப் பெண்களிடம் மனச்சோர்வு இப்படியும் வெளிப்படுவதை நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. எரிச்சலை நோயின் அடையாளமாகப் பார்க்காமல் குணத்தின் கோளாறாகப் பார்த்தால், பழைய முத்திரைதான் புது ஃபைலில் ஏறும்.

முத்திரை குத்துவதில் மருத்துவத்துக்கும் பங்கு உண்டு. அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று 1851-ல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் பெயரே வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் உளவியல் சங்கமும் இனவெறியில் தங்களுக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான். பாட்டி ‘டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லாதே’ என்று வளர்த்திருந்தால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது.

ஆக, நம்பிக்கை ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கே போவது என்று சிலர் முடிவெடுத்தார்கள். அஃபியா எம்பிலிஷாகா உளவியலாளர், முடி அலங்காரக் கலைஞரும் கூட. ‘சைக்கோஹேராப்பி’ என்பது அவர் தொடங்கிய முயற்சி. கறுப்பினப் பெண்களுக்கான சலூனில் பொடிப்பொடியாகப் பின்னல் போட்டு முடிக்கப் பல மணி நேரம் ஆகும். பின்னுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும். விரல்கள் தலையில் ஓடிக்கொண்டிருக்க, விவாகரத்து, கருச்சிதைவு, மகன் போலீஸிடம் மாட்டியது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டு வரும். திட்டுத் திட்டாக முடி கொட்டியிருப்பது வீட்டாருக்கு முன்பே பின்னுகிறவர் கண்ணில்தான் படும். அந்தப் பெண்களுக்கு எப்படிக் காது கொடுப்பது, எதைச் சொல்லக் கூடாது, எந்தக் கட்டத்தில் நிபுணரிடம் அனுப்புவது என்று பின்னுகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறார் எம்பிலிஷாகா. ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா நீல்-பார்னெட் எடுத்தது இன்னொரு வழி. தேவாலயத்திலும் மாதர் சங்கங்களிலும் காலம்காலமாக இருந்த ‘சகோதரிகள் வட்டம்’ என்ற பழக்கத்தையே பதற்ற நோய்க்கான குழுச் சிகிச்சையாக மாற்றினார்.

அட்லாண்டா உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014-ல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’, எந்த ஊரில் எந்த ஆலோசகர் இருக்கிறார் என்று தேடித் தருகிறது. எழுத்தாளர் ரேச்சல் கார்கிள் 2018-ல் நிறுவிய லவ்லேண்ட் அறக்கட்டளை கட்டணத்துக்குப் பணம் கொடுக்கிறது. இரண்டும் நல்ல காரியம். ஆனாலும் நூற்றுக்கு ஐந்து பேரை வைத்துக்கொண்டு எத்தனை பேரைக் கரையேற்ற முடியும்? தோல் நிறம் ஒன்றாக இருப்பதே போதும் என்பதும் சரியல்ல. ஒரே நிறத்திலும் வர்க்கம், மதம், வந்த நாடு என்று ஆயிரம் இடைவெளி உண்டு.

மற்ற 95 பேரும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆலோசனைத் துறை ஆய்வாளர் நார்மா டே-வைன்ஸும் உடன் எழுதியவர்களும் 2007-ல் சொன்னது எளிது: இனம் பற்றிய பேச்சை ஆலோசகரே முதலில் எடுக்க வேண்டும். ‘நான் வெள்ளைக்காரி, நீங்கள் கறுப்பினப் பெண். ஆபீஸில் நடந்ததை என்னிடம் சொல்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ இவ்வளவுதான். ஒரு தடவை கேட்டுக் கடமை முடிந்தது என்று விடாமல், சிகிச்சை நெடுகிலும் அந்தக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறார்கள். வந்தவர் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தட்டிக் கழிக்கலாம், அது அவர் உரிமை. தேடிப் போகிறவரும் முதல் போனிலேயே, ‘என்னைப் போன்றவர்களுக்கு இதற்கு முன் ஆலோசனை தந்திருக்கிறீர்களா, இனப் பாகுபாடு பற்றிப் பேச உங்களுக்குத் தயக்கம் இருக்கிறதா’ என்று கேட்கலாம். துடுக்குத்தனமாகத் தோன்றும். காசு கொடுப்பவர் கேட்கிற கேள்விதான்.