பாறசாலைக் கூரையும் பசுமைக் கடனும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வாழையும் மரச்சீனியும் ரப்பரும் இருபுறமும் ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஆயினும் மின்சாரம் வழங்கும் நிறுவனங்கள் வேறு. அதற்கு விதி செய்யும் ஆணையங்களும் வேறு. கூரைமேல் சூரிய மின்தகடு பதிக்கக் கடன் நாடும் குடும்பத்திற்கு இவ்வேற்றுமை சிறிதன்று.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிக்கோளாகக் கொண்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 75,021 கோடி ரூபாய். 3 கிலோவாட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய செலவுக்கு வங்கிகள் ஈடு கேளாமல், குறைந்த வட்டியில் கடன் அளிக்கின்றன. இதுவரை எல்லையின் இருபுறமும் நிலைமை ஒன்றே. ஆனால் கடன் தவணையைக் கட்டுவது மின்கட்டணத்தில் மிஞ்சும் பணம். அது எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்தந்த மாநில ஆணையத்தின் விதியே முடிவு செய்கிறது.

கடன் கொடுப்போர் வெயிலை நம்பி மட்டும் பணம் தருவதில்லை. சட்டத்தையும் நம்பியே தருகின்றனர். 2000-ஆம் ஆண்டு ஜெர்மனி இயற்றிய சட்டம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை உண்டென உறுதி கூறிற்று. அவ்வுறுதியைக் கண்டு வங்கிகள் முன்வந்தன. விவசாயிகளும் கொட்டகைக் கூரைகளில் தகடு பதித்தனர். ஸ்பெயின் தேசமும் அவ்வாறே தொடங்கியது. எனினும் 2010 முதல் 2013 வரை, முன்பே நிறுவிய நிலையங்களுக்கும் சேர்த்து, வாக்களித்த வருவாயை அது குறைத்தது. முதலீடு செய்தவர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களை நாடினர்.

இதற்குச் சான்று காண ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டியதில்லை. பாறசாலைக்குக் கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளுள் பல, வருமான வரிச் சலுகையால் எழுந்தவை. இயந்திர மதிப்பில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க அனுமதி இருந்ததால், பிற தொழில் நடத்துவோரும் காற்றாலை வாங்கினர். 2012 ஏப்ரலில் அச்சலுகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றன. நாடு முழுவதும் 2011-12-ல் ஏறத்தாழ 3,200 மெகாவாட்டு நிறுவப்பட்டிருக்க, மறு ஆண்டில் அது ஏறத்தாழ 1,700 ஆயிற்று. கணவாயில் காற்று குறைந்துவிடவில்லை. 2014-ல் தேய்மானச் சலுகை மீண்டும் வந்தது.

எது பசுமை என்று வரையறுப்பதும் அரசாங்கக் கொள்கையே. சீனா தனது பசுமைக் கடன் பத்திரப் பட்டியலில் ‘தூய நிலக்கரி’க்கு இடமளித்திருந்து, 2021-ல் அதை நீக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அணுசக்தியையும் இயற்கை வாயுவையும் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறையோ அணுசக்தியை விலக்கியது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையும் விலக்கியது. கேரளத்தின் பெருமையான 780 மெகாவாட்டு இடுக்கி நிலையம் இக்கணக்கில் பசுமையாகாது என்பது வியப்பே! 2023 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 16,000 கோடி ரூபாய்க்கு முதற் பசுமைப் பத்திரங்கள் விற்பனையாயின. வட்டியில் சர்க்காருக்குக் கிட்டிய ஆதாயம் நூற்றில் சுமார் 0.05 பங்கு. 2024-ல் சில ஏலங்களில் அந்த அளவு ஆர்வமும் இல்லை. பெயருக்காக மட்டும் குறைந்த வட்டி ஏற்பார் அரியர்.

பாறசாலை வீட்டின் கணக்கு மாலைப் பொழுதில்தான் சிக்கலாகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் செல்கிறது. இரவில் அவ்வீடு எடுக்கும் அளவு அதிலிருந்து கழிக்கப்படுகிறது. சூரியன் மறைந்தபின் கேரளத்தில் தேவை உச்சத்தை எட்டுகிறது. அப்போது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலை அதிகம். மலிவான பகல் யூனிட்டை விலையுயர்ந்த இரவு யூனிட்டுக்கு ஈடாக்குவதால், தகடு இல்லாத வீடுகள் மேல் சுமை ஏறுகிறது என்பது ஒரு சாராரின் வாதம். அது முற்றிலும் தவறன்று. ஆனால் 2025-ல் கேரள ஆணையம் இக்கழிவைச் சுருக்கும் வரைவு விதிகளை வெளியிட்டபோது, கடன்பட்டுத் தகடு பதித்தோர் கலங்கியதிலும் நியாயம் உண்டு. ஸ்பெயினில் நேர்ந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவணைச் சீட்டு போதும்.

விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவும் ஊழியர்கள் மானியத் தொகையைக் கூறுவதோடு நில்லாமல், மின் கழிவு விதி எந்த ஆண்டினது, புதிய விதி பழைய இணைப்புகளையும் தொடுமா, மின்கலம் சேர்த்தால் தவணை எவ்வளவு உயரும் என்பவற்றையும் குடும்பத்தாரோடு இருந்து கணக்கிடுதல் நலம். களியக்காவிளையிலுள்ள உறவினர் வீட்டுக் கணக்கை அப்படியே பார்த்தெழுதுவது பயன்படாது.