நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளிகள்: நிதியும் தேர்ச்சியும்

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. முட்டை, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆகியவற்றுடன் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்கும் இம்மாவட்டம் தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. அந்தப் பெயரை ஈட்டித் தந்தவை நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் எழுந்த தனியார் உறைவிடப் பள்ளிகள். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 75 விழுக்காடாகவும், அண்டை மாவட்டமான சேலத்தில் 73 விழுக்காடாகவும் இருந்தது. மாநில சராசரி 80 விழுக்காடு. உறைவிடப் பள்ளிகளின் மதிப்பெண்ணை வைத்து மாவட்டத்தின் கல்வியை மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த எண்களே போதும். அவ்விடுதிகளில் தங்கிப் படிக்கப் பிற மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். உள்ளூர்க் கூலித் தொழிலாளி, விசைத்தறித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் சென்றது ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு.

மதிப்பெண் சந்தை

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-இல் அது நீங்கியபின் பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே சேர்க்கையைத் தீர்மானித்தது. இதனால் மதிப்பெண்ணுக்கு நேரடியான பண மதிப்பு உண்டானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கும் முறை பரவியது. 'பிராய்லர் பள்ளி' என்ற கேலிப் பெயர் கோழிப்பண்ணை மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

2017-இல் மாநில, மாவட்ட அளவிலான தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வு வேண்டாம் என்றது. இடையில் நீட் தேர்வு வந்து, மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் 2 மதிப்பெண்ணின் செல்வாக்கைப் பறித்தது. நீட் வந்த முதல் சில ஆண்டுகளில் மருத்துவ இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமான பிறகு, முதல் ஆண்டிலேயே மாநிலம் முழுவதும் 300-க்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் கிடைத்தன.

தலைக்கணக்கு

அரசுப் பள்ளிக்கான செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். அதை மாநில அரசு நேரடியாக வழங்கிவிடுகிறது. தலைமையாசிரியர் கையில் வருவது சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் பள்ளி மானியம். அத்திட்டத்தின் விதிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 இலட்சம். சுண்ணக்கட்டி, சிறு பழுது, குடிநீர், தூய்மைப் பணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஓட்டுக் கட்டடத்தின் ஒழுகலை அடைப்பதற்கே சிறிய பள்ளியின் தொகை போதாது.

ஆசிரியர் பணியிடமும் தலைக்கணக்கில்தான் வருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று பேர். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை எடுக்கப்பட்டு, 'உபரி' எனக் கணக்கிடப்படுவோர் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவர். ஊருக்குள் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி வேன் புதிதாக வரத் தொடங்கி நான்கைந்து பிள்ளைகள் அதில் ஏறினால், விளிம்பில் நிற்கும் பள்ளி ஓர் ஆசிரியரை இழந்துவிடக்கூடும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியைப் பார்த்து மேலும் சிலர் விலகுவர். கற்பித்தல் மோசமானதால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் கற்பித்தல் மோசமானதா என்று பிரித்துச் சொல்வது இந்த நிலையில் கடினம்.

வேன் மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. தனியார் பள்ளியில் எல்கேஜி உண்டு, அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில் முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இதைச் சரிசெய்ய 2019-இல் மாநிலம் முழுவதும் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. 2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு வழங்கப்படுகிறது. மதிய உணவில் முட்டையும் உண்டு. முட்டை மாவட்டமான நாமக்கல்லில் பல வீடுகளுக்கு அதுவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தக்க காரணம்.

25 விழுக்காடு

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. அவர்களின் கட்டணத்தை அரசு எட்டாம் வகுப்பு வரை செலுத்தும். ஏழைக் குடும்பத்துக்கு இது நல்வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஊரின் ஒன்றியப் பள்ளியைப் பொறுத்தவரை, அரசுப் பணமே தன் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் பெற்றோர் தலையில் விழும்.

தேர்ச்சி விழுக்காடு சொல்வதும் மறைப்பதும்

பத்தாம் வகுப்பில் 20 பேர் எழுதும் உயர்நிலைப் பள்ளியில் ஒருவர் தோற்றாலே தேர்ச்சி 95 விழுக்காடாகிவிடும். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவரால் அரை விழுக்காடுதான் குறையும். தனியார் பள்ளி பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து பிளஸ் 1-க்கு ஆள் எடுக்கலாம். அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆய்வுக் கூட்டத்தில் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துக் கேள்வி கேட்பது நியாயமற்றது. அந்தக் கேள்விக்கு அஞ்சும் பள்ளி 'மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு' 35 மதிப்பெண்ணுக்குரிய வினா விடைகளை மட்டும் மனப்பாடம் செய்விக்கிறது.

கொல்லிமலையின் நிலை வேறு. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்களுக்குத் தனியார் வேன் எளிதில் ஏறுவதில்லை. அங்குள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் இல்லாமல் பழங்குடியினர் நலத் துறையின்கீழ் இயங்குகின்றன. எனவே அவற்றின் நிதித் தலைப்பும் பணி நியமனமும் தனி. கீழே பெற்றோர் பெருந்தொகை கட்டும் விடுதிகள், மேலே அரசு நடத்தும் விடுதிகள் என ஒரே மாவட்டத்தில் இருவகை உறைவிடக் கல்வி நடக்கிறது.

2024-க்குப் பின்

சமக்ர சிக்‌ஷா செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 விகிதத்தில் பகிர்கின்றன. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததால், 2024-25-இல் ஒன்றியப் பங்கு சுமார் ரூ.2,152 கோடி விடுவிக்கப்படவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. பள்ளி மானியத்துடன் 25 விழுக்காடு இடங்களுக்கான கட்டணமும் இந்த நிதியோடு பிணைந்தது. அதனால் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் அச்சேர்க்கை 2025-26-இல் அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகஸ்ட் 1 கணக்கு அதற்குமுன்பே எடுக்கப்பட்டுவிட்டது.