பத்து நாள் கணக்கு

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நைஜீரியா தேசத்தில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பாட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டி, சூலம் பார்த்து, ராகு காலம் தள்ளி, புறப்பட வேண்டிய நாளைக் குறித்துவிட்டாள். டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. அம்மா பருப்புப் பொடி அரைத்து டின்னில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து மருமகள் கேட்கிறாள்:

"அத்தை, அவருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி இன்னும் போடலையே?"

"மஞ்சள் காமாலைக்கு ஊசி எதுக்கும்மா? கீழாநெல்லியை அரைச்சு மோரிலே கலக்கிக் குடுத்தாப் போச்சு!"

"காமாலை இல்லே அத்தை, காய்ச்சல். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனாத்தான் அந்த ஸர்ட்டிபிகேட் செல்லும்."

பாட்டி விரல் விட்டு எண்ணுகிறாள். பிரயாணத்துக்கு எட்டே நாள்தான் பாக்கி!

இந்த வீடு நம் கற்பனை. ஆனால் பத்து நாள் கணக்கு கற்பனை அல்ல. ஊசி மருந்து உடம்பில் வேலை செய்து, எதிர்ப்புச் சக்தி உண்டாவதற்கு அத்தனை நாள் வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த மஞ்சள் நிறச் சான்றிதழுக்குப் பத்தாம் நாள் முதல்தான் மதிப்பு. "போகிறவன் பாடு அது; நமக்கென்ன?" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஊசி போகிறவனை மட்டும் காப்பதில்லை; அவன் திரும்பி வரும் தெருவையும் காக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள நோய். அதை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. பரப்புவது கொசு. காமாலையைப் போலக் கண்ணும் உடம்பும் மஞ்சளிப்பதால் இந்தப் பெயர் வந்ததே தவிர, கீழாநெல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோய் கண்ட பலர் சில நாளில் எழுந்துவிடுவார்கள். சிலருக்கு நோய் கடுமையாகி, ஈரல் கெட்டு, ரத்தம் கசியத் தொடங்கும். அப்படிக் கடுமையானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. நோயை நேராக முறிக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி.

இன்றுவரை இந்தியாவில் இந்த நோய் இல்லை. கப்பல் பிரயாணக் காலத்தில் நடுவில் கிடந்த கடலே பெரிய காவல்காரனாக இருந்தது. கொசு கடித்து மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் கண்டுவிடும். கப்பலோ கரை சேரப் பல வாரம் ஆகும். நோயாளி யார் என்பது நடுக்கடலிலேயே தெரிந்துபோகும். ஆகாய விமானம் வந்ததும் அந்தக் காவல் போயிற்று. ஆப்பிரிக்காவில் ஏறியவர் ஒரு நாள் சுற்றுக்குள் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார். இறங்கும்போது காய்ச்சல் இல்லை. வெப்பமானியும் ஒன்றும் சொல்லாது. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, வீட்டில் விருந்தும் சாப்பிட்டு, மூன்று நாள் கழித்துப் படுக்கிறார் என்றால்?

அதிகாரிகள் இதை அன்றே யோசித்தார்கள். விமானப் பிரயாணத்துக்கென்று ஒரு சர்வதேச சுகாதார உடன்படிக்கை 1933-ல் ஹேக் நகரில் கையெழுத்தாயிற்று. நம் தேசத்திலும் 1954-ல் விமானப் பொதுச் சுகாதார விதிகள் வந்தன. மஞ்சள் காய்ச்சல் உள்ள தேசத்திலிருந்து புறப்பட்டு, ஆறு நாளைக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்குகிறவர்களை, அந்த ஆறு நாள் முடியும்வரை தனியே வைத்திருப்பது இந்திய வழக்கம். விமானத்துக்குள் கொசு மருந்து தெளிப்பதும் இதற்காகத்தான்.

"வீண் பயம்" என்று தோன்றுகிறதா? 2016-ல் அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சீனத் தொழிலாளர்களில் 11 பேருக்கு நோய் உறுதியாயிற்று. ஆசியக் கண்டத்துக்குள் அந்த நோய் வந்ததாக உறுதிப்பட்டது அதுதான் முதல் தடவை. நல்ல வேளை, அது அங்கே பரவவில்லை.

விமானத்தில் வருவது எப்படிப் பஸ் ஏறும் என்பதை நம் ஜில்லாவே பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி, 2020 மார்ச் 7-ல் உறுதி செய்யப்பட்டவர், ஓமன் நாட்டிலிருந்து வந்தவர். இரண்டே மாதத்தில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி, அங்கிருந்து ஊர் திரும்பியவர்களோடு விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் வந்து சேர்ந்தது. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகி அப்போது ஆறு மாதம்கூட நிறையவில்லை.

கொரோனா மூச்சில் வந்தது. மஞ்சள் காய்ச்சலுக்குக் கொசு வேண்டும். அந்தக் கொசு நம் வீட்டிலேயே காத்திருக்கிறது! ஆப்பிரிக்க நகரங்களில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இங்கே டெங்குவைப் பரப்புகிறது. சாக்கடையை அது நாடுவதில்லை. பின்கட்டுத் தொட்டி, மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் என்று நல்ல தண்ணீர் நிற்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். கடிப்பதும் பகலில்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்தக் கிருமி காட்டுக் குரங்குகளிடமும் குடியிருக்கிறது. 2016 முதல் 2018 வரை பிரேசிலில் நோய் கிளம்பியபோது, காடுகளில் குரங்குகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறிப் பாருங்கள். கல்வராயன் மலைச் சாலையோரம் குரங்குகள் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நோய் ஒரு தடவை காட்டில் குடியேறிவிட்டால், மரத்துக்கு மரம் ஏறி யாரால் ஊசி போட முடியும்? விமானமே ஏறாத மலைக் கிராமத்துத் தாயும் குழந்தையும் அல்லவா அதன் பலனை அனுபவிக்க வேண்டியிருக்கும்?

இந்தத் தடுப்பூசிக்கு நம் தேசத்துக் குரங்கினமும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1927-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் அஸிபி என்ற நோயாளியின் ரத்தத்தை, இந்தியாவைச் சேர்ந்த ரீஸஸ் இனக் குரங்குக்குச் செலுத்தித்தான் விஞ்ஞானிகள் கிருமியைப் பிடித்தார்கள். அஸிபி பிழைத்துக்கொண்டார். ஆராய்ச்சி செய்த டாக்டர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு அதே நோய்க்குப் பலியானார். அந்தக் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி மருந்து ஆக்கியவர் மாக்ஸ் தைலர். 1951-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் வீட்டுக் காரியம். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்திலும், ராஜாஜி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, மறவாமல் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை போட்டால் போதும். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். உயிருள்ள கிருமியால் ஆன மருந்து ஆகையால், ஒன்பது மாதம் நிரம்பாத சிசு, கர்ப்பிணி, அறுபது வயது தாண்டியவர், முட்டை ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோர் விஷயத்தில் டாக்டர் யோசனைப்படிதான் நடக்க வேண்டும். அந்த நாடுகளிலிருந்து வந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், பகலிலும்தான்.

நாம் விட்டுவந்த வீட்டில் என்ன ஆயிற்று? பாட்டி மறுபடியும் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். "நாளைக்கே கிண்டிக்குப் போய் ஊசியைப் போட்டுண்டு வரட்டும். அதிலேருந்து பத்து நாள் தள்ளி எனக்கு ஒரு நல்ல நாள் கிடைக்காமலா போயிடும்?" என்றாள். டிக்கெட்டை மாற்றக் கொஞ்சம் பணம் போயிற்று. போகட்டும்.

மருமகள் பின்கட்டுக்குப் போனாள். மூடியில்லாமல் கிடந்த டிரம்மை எட்டிப் பார்த்தாள். உள்ளே புழுக்கள் நெளிந்தன. தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். பஞ்சாங்கம் பாராமலே, வாரம் ஒரு தடவை செய்யலாம் அந்தக் காரியம்!