சினிமா படிக்க வெளிநாடு: ஒரு மாமா போட்ட கணக்கு

சில மாதங்களுக்கு முன் மஸ்கட்டிலிருந்து அத்தான் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அக்காதான் பேசுவாள். அத்தான் பேசுகிறார் என்றால் விஷயம் பணம், இல்லையென்றால் உடல்நலம். இம்முறை இரண்டும் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள், வெளிநாட்டில் சினிமா படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "நீதான் அங்கேயே படிச்சவனாச்சே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு. மதுரைல இருக்கிற மனையை வித்துடலாம்னு பார்க்கறேன்" என்றார். கடைசியில் பண விஷயமாகத்தான் முடிந்தது.

நான் பொறியியல் முதுகலை படிக்க அமெரிக்கா வந்து, மென்பொருள் துறையில் ஒட்டிக்கொண்டவன். விண்ணப்பம், விசா, வேலை எல்லாம் நமக்குத் தெரியாததா என்ற மிதப்பில்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து படித்த பிறகு புரிந்தது: என் அனுபவம் இங்கே ஏறக்குறைய எதற்கும் உதவாது. என்னைப் போலவே ஊரிலிருந்து வரும் "விசாரிச்சுச் சொல்லு"களுக்குப் பதில் தேடுபவர்களுக்குப் பயன்படும் என்று கண்டறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பட்டத்தின் பெயரில் இருக்கும் வித்தியாசம்

முதல் குழப்பம் பட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. பி.ஏ. என்றால் பாதிக்கு மேல் வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று பொதுப்பாடங்கள், மிச்சம் சினிமா. பி.எஃப்.ஏ. என்றால் பெரும்பகுதி பட்டறைதான்: எழுதுவது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது. இதற்குள்ளேயே 'திரைப்பட ஆய்வு', 'திரைப்படத் தயாரிப்பு' என்று இரண்டு கிளைகள் உண்டு. முன்னதில் பிரெஞ்சுப் புதிய அலை பற்றி இருபது பக்கக் கட்டுரை எழுதலாம். கேமராவைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடவும் முடியும். அக்கா மகள் தயாரித்து வைத்திருந்த பட்டியலில் பாதி முன்னவகை. பெயரைப் பார்த்து ஏமாறாமல், நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பருவம் பருவமாகப் படித்துவிட வேண்டும்.

இரண்டாவது, நாம் கேள்விப்பட்ட பெரிய பெயர்கள் பல இளங்கலைக்குக் கிடையாது. டேவிட் லின்ச், டெரன்ஸ் மாலிக் படித்த அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பள்ளி முதுகலைக்கு மட்டுமே. லண்டன் திரைப்படப் பள்ளியும், பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் பிரிட்டனின் தேசியத் திரைப்படப் பள்ளியும் முதன்மையாக முதுகலைக்கானவை. பாரிஸின் லா ஃபெமி, பள்ளிப்படிப்புக்கு மேல் இரண்டாண்டுகள் படித்தவர்களைத்தான் நுழைவுத் தேர்வுக்கே அனுமதிக்கிறது. இளங்கலைக்கு என்று பார்த்தால் அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் (1929-லிருந்து சினிமா கற்பிக்கிறார்கள்), நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளி, சாப்மன், எமர்சன் போன்றவை முன்னால் நிற்கின்றன.

கட்டணம்

பொறியியல் முதுகலைக்கு வந்த எங்களில் பலர் ஏதாவது ஒரு பேராசிரியரிடம் உதவியாளர் வேலை பிடித்துக் கட்டணத்திலிருந்து தப்பித்தவர்கள். இளங்கலையில் அந்த வழியே இல்லை. மேலே சொன்ன முதலிரண்டு பல்கலைக்கழகங்களிலும் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுக்கு 3,60,000 டாலர். இந்தியக் கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். இதில் மாணவர் எடுக்கும் படங்களின் செலவு (நடிகர்களுக்குச் சாப்பாடு, வண்டி வாடகை, காப்பீடு) சேரவில்லை. மதுரை மனை ஒரு வருடத்துக்குக்கூடக் காணாது.

அமெரிக்காவிலேயே வேறொரு வழியும் இருக்கிறது. யேல் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டு மாணவர்களின் வருமானத்தைப் பார்க்காமல் தேர்வு செய்து, பிறகு தேவைக்கேற்ப முழு உதவியும் தருகின்றன. யேலில் திரைப்படம் ஒரு முதன்மைப் பாடமாக உண்டு. ஆனால் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. விண்ணப்பிக்கலாம், நம்பி உட்காரக்கூடாது.

படித்து முடித்த மறுநாள்

அத்தான் கேட்ட முதல் கேள்வி, "படிச்சா வேலை கிடைக்குமா?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டியது, வேலை தேட எத்தனை நாள் அனுமதிப்பார்கள் என்பது.

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படித்தவர்களுக்குப் பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. நான் முடித்தபோது பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு மேற்கொண்டு 17 மாதம் கிடைத்தது. 2016-லிருந்து அது 24 மாதம். திரைப்படத் தயாரிப்பு பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. (அனிமேஷன், காட்சி விளைவுகள் தொடர்பான சில பட்டங்கள் வரும்.) அந்த 12 மாதத்திலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக்கூடாது. படத்துக்குப் படம் ஆள் எடுக்கும் துறையில் இது கத்தி மேல் நடப்பது. பிறகு ஹெச்-1பி குலுக்கல். குறிப்பிட்ட பட்டம் இருந்தால்தான் செய்ய முடிகிற வேலை இது என்று முதலாளி அதில் நிறுவ வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு அது எளிது. படப்பிடிப்பில் உதவி இயக்குனருக்கு அப்படி நிறுவுவது கடினம். கலைஞர்களுக்கான ஓ-1 விசாவுக்கு விருதும் பெயரும் வேண்டும். இருபத்திரண்டு வயதில் யாரிடம் இருக்கும்?

இன்னொன்று. படிக்கும்போதே கல்யாண வீடியோ எடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாமே என்று அக்கா கேட்டாள். நியூஜெர்சியில் தமிழ்க் கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் எஃப்-1 மாணவர் உரிய அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு கேமரா தூக்கினால் விசா விதிமீறல். வளாகத்துக்குள் மட்டும், பருவம் நடக்கையில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம்.

மற்ற நாடுகள்

கனடாவில் மாண்ட்ரியலின் கான்கார்டியா, டொராண்டோவின் யார்க், டொராண்டோ மெட்ரோபாலிடன் (2022 வரை ரையர்சன்) ஆகியவற்றில் இளங்கலைத் திரைப்படப் படிப்பு இருக்கிறது. நான்காண்டுப் பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு வரை வேலை அனுமதி கிடைக்கிறது. எந்த வேலையும் செய்யலாம். படிக்கும்போது வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்ய 2024 நவம்பரிலிருந்து அனுமதி. அதே 2024-ல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் வந்துவிட்டது என்பதை மறக்கக்கூடாது.

பிரிட்டனில் இளங்கலை மூன்றாண்டுதான் என்பதால் ஒரு வருடச் செலவு மிச்சம். 2021-ல் தொடங்கிய பட்டதாரி விசா இரண்டாண்டு தந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளங்கலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம் என்று குறைத்திருக்கிறார்கள்.

இலக்கிய வாசகர்களுக்குப் பிராகா நகரின் ஃபாமு மேல் ஒரு கண் இருக்கும். மிலோஷ் ஃபோர்மன், வேரா ஹிடிலோவா, குஸ்துரிட்சா படித்த இடம். செக் மொழியில் படித்தால் எந்த நாட்டவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் என்றால் உண்டு. முதலில் ஒரு வருடமாவது மொழிக்குக் கொடுக்க வேண்டும். வாய்டாவும் கீஸ்லோவ்ஸ்கியும் படித்த போலந்தின் வூட்ஜ் பள்ளிக்குச் செல்வோருக்கும் உள்ளூர் மொழி இல்லாமல் பாதிக் கதவு மூடியே இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரிகளின் பளபளப்பான பிரசுரங்களில் இல்லாத சிலவற்றை எழுதிக் கேட்கச் சொன்னேன். முதல் ஆண்டிலேயே கேமரா கைக்கு வருமா? இறுதியாண்டுப் படத்தை எல்லோரும் இயக்கலாமா, அல்லது சிலரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை அவர்களுக்கு உதவியாளர்கள் ஆக்குவார்களா? எடுத்த படத்தின் உரிமை மாணவருக்கா, பல்கலைக்கழகத்துக்கா? (சில இடங்களில் பல்கலைக்கழகத்துக்குத்தான்.) ஆசிரியர்கள் கடைசியாகப் படம் எடுத்தது எப்போது?

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. உடன் யார் படிப்பார்கள்? திரைப்படக் கல்லூரி தரும் பெரிய சொத்து பட்டமல்ல, சக மாணவர்கள். 1986-ல் வந்த 'ஊமை விழிகள்' சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து எடுத்தது. பாலு மகேந்திரா மட்டக்களப்பிலிருந்து புனேக்குப் போய் ஒளிப்பதிவு படித்தவர். ஒருவகையில் அவரும் வெளிநாட்டு மாணவர்தான். படித்த நாட்டிலேயே படமெடுத்தார். எந்த ஊரில் படிக்கிறோமோ அந்த ஊர்த் திரையுலகம்தான் முதலில் வாய்க்கிறது. தமிழ்ப் படம் எடுக்க ஆசை என்றால், நான்கு வருடம் பாஸ்டனில் சேர்க்கும் நண்பர்கள் கோடம்பாக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். தரமணியில் அரசுக் கல்லூரியிலேயே இளங்கலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு முதுகலைக்கு வெளியே போகலாமே என்றும் சொன்னேன். ஆங் லீயை எடுத்துக்காட்டினேன். தைவானிலிருந்து வந்து 1984-ல் நியூயார்க்கில் முதுகலை முடித்தவர். முதல் படம் 1991-ல்தான் வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள் மனைவியின் சம்பளத்தில் வீட்டோடு இருந்தார். கடனோடு இருந்திருந்தால் அது முடிந்திருக்குமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் பேச்சில்லை.

பிறகு அவளே கூப்பிட்டாள். "மாமா, நான் பொறந்ததிலிருந்து மஸ்கட்தான். எனக்குச் சென்னையும் டொராண்டோவும் ஒரே தூரம். என்னை மாதிரி இருக்கிறவங்களைப் பத்திதான் படம் எடுக்கணும். அவங்க கோடம்பாக்கத்துல இல்லையே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. 2009-ல் டொராண்டோத் தமிழ் இளைஞர்களைப் பற்றி அங்கேயே எடுக்கப்பட்ட லெனின் எம். சிவத்தின் '1999' படத்தைப் பார்க்கச் சொன்னேன். ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

கடைசியில் பட்டியல் நான்காகச் சுருங்கியது: கனடாவில் இரண்டு, யேல், தரமணி. மூன்று கோடிக் கல்லூரிகள் எதுவும் அதில் இல்லை. அவற்றை நீக்கியது அவள்தான். விண்ணப்பத்தோடு அனுப்ப, அத்தான் இரவுப்பணி முடிந்து தனியாகச் சாப்பிடுவதை நான்கு நிமிடப் படமாகக் கைப்பேசியில் எடுத்திருக்கிறாள். வசனம் இல்லை. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு வேகமாவா சாப்பிடறேன்?" என்று மட்டும் கேட்டாராம்.

முதல் பதில் வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள். இன்னும் மூன்று பாக்கி. மனையை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.